பலகைச் சுவரில் தொங்கும் சின்ன வாஷ் பேசின்: மாட்டியவர்கள், கழற்றியவர்கள் சொல்லுங்கள்

கழிவறையில் கை கழுவ மட்டும் ஒரு குட்டி பேசின். அகலம் 40 செ.மீ., சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது 28 செ.மீ. தூக்கிப் பார்த்தால் ஏழெட்டு கிலோ இருக்கும். இதற்கென்ன பெரிய ஏற்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்களுக்கு மாட்டிக் கொடுத்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். மரச் சட்டங்களின் மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அடித்து, டைல்ஸ் ஒட்டிய சுவர். அதில் துளை போட்டு, உள்ளே போனதும் இறக்கை விரித்துக்கொள்ளும் ஸ்பிரிங் போல்ட் இரண்டைச் செருகி, பேசினை மாட்டி, சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

நாங்கள் குடிவந்தபோதே அது லேசாகத் தலைகுனிந்துதான் இருந்தது. முன் விளிம்பில் கையை ஊன்றினால் மேலே சிலிக்கானில் ஒரு விரிசல் திறக்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தேன். போல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; வளையவும் இல்லை, மரை தேயவும் இல்லை. போனது போர்டுதான். மேலே துளைகள் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தன. கீழே, பேசினின் அடி விளிம்பு சுவரை அழுத்தும் இடத்தில் டைல் குறுக்காக விரிந்து, அதன் பின்னால் போர்டு உள்வாங்கியிருந்தது. விரிசல் வழியே தண்ணீர் இறங்கி ஜிப்சம் ஊறிப்போய், விரலால் தொட்டதும் மாவாகக் கொட்டியது.

இங்கேதான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. பேசினின் எடையைப் பார்த்து போல்ட் வாங்குகிறோம். குனிந்து முகம் கழுவுகிறவர் ஊன்றுவதையும், கீழே விழுந்த சோப்பை எடுத்துவிட்டு விளிம்பைப் பிடித்து எழுவதையும், பிள்ளைகள் குழாயை எட்டத் தொற்றுவதையும் யார் கணக்கில் சேர்ப்பது? முன் விளிம்பில் 50 கிலோ பாரம் விழுகிறது என்று வையுங்கள். சுவரிலிருந்து அது 28 செ.மீ. தள்ளி இருக்கிறது. போல்ட் துளைக்கும் பேசினின் அடி விளிம்புக்கும் இடையே என் பேசினில் 8 செ.மீ.தான். அடி விளிம்பு முட்டுக்கொடுக்க, மேலே போல்ட் நெம்பி இழுக்கப்படும். 50 × 28 ÷ 8, ஆக 175 கிலோ. இரண்டு போல்ட்டுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 87 கிலோ சொச்சம், அதுவும் சுவரிலிருந்து நேராக வெளியே பிடுங்கும் இழுப்பு. அதே 175 கிலோ கீழே போர்டை உள்ளே தள்ளுகிறது. பாக்கெட்டில் இத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பதைச் சுவரோடு ஒட்டித் தொங்கும் படத்துக்கு நம்பலாம். பேசினுக்கு அது போதாது.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. சுவரின் மறுபக்கம் சாமான் அறை. டைல்ஸ் பக்கத்தைத் தொடாமல் அந்தப் பக்கத்திலிருந்து போர்டை வெட்டித் திறந்தேன். சட்டங்கள் 40 செ.மீ. இடைவெளியில் நின்றன. வெட்டும்போது இரண்டு சட்டங்களின் நடுக்கோடு வரை வெட்டினால், திரும்ப மூடும் போர்டுக்கு ஸ்க்ரூ அடிக்கப் பாதிச் சட்டம் கிடைக்கும்; சட்டத்தின் ஓரத்தோடு வெட்டிவிட்டால் மூடும்போது தவிக்க வேண்டும்.

உள்ளே 50 மி.மீ. கனமுள்ள குறுக்குக் கட்டைகள் இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ஒன்று போல்ட் வரும் உயரத்தில். மற்றது பேசினின் அடி விளிம்புக்கு நேராக. இந்த இரண்டாவது கட்டையை யாரும் போடுவதில்லை, ஆனால் போர்டு நசுங்குவது அங்கேதானே? கட்டைகள் டைல்ஸ் பக்கத்துப் போர்டின் முதுகில் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். பக்கவாட்டில் மரப் பசை, சாய்த்து அடித்த நீள ஸ்க்ரூ, மூலைக்கு ஒரு எல் பட்டை. உடைந்த டைலை மட்டும் மாற்றினோம். இப்போது அதன்மேல் உட்காரலாம் (உட்காரவில்லை, சும்மா சொல்கிறேன்).

* * *

மேலே எழுதியிருக்கும் அண்ணாவின் கணக்கைப் படித்த பிறகு என் வீட்டு பேசினை அளந்து பார்த்தேன். எனக்கு அந்த இடைவெளி 11 செ.மீ. வருகிறது. ஆக, பின்பக்கம் உயரமாக இருக்கும் பேசின் வாங்கினால் போல்ட்டுக்கு வேலை குறைவு. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

நான் செய்தது புதுச் சுவர் என்பதால் சுலபம். சட்டம் நிற்கும்போதே, போர்டு அடிக்கும் முன்பே கட்டை வைத்தாயிற்று. பேசினை வாங்கி வைத்துக்கொண்டுதான் உயரம் குறித்தேன். மேல் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. என்பது வழக்கம், ஆனால் துளை எங்கே வருகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். இன்னும் போடாத தரை டைல்ஸின் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பேசின் பின்னால் வரட்டும், கட்டையை இப்போதே வைத்துவிடுவோம் என்கிறவர்கள், ஒற்றைக் கட்டையை நம்பாமல் 30 செ.மீ. உயரத்துக்காவது அகலமாக வைத்துவிடுங்கள்.

போர்டு மூடும் முன் அளவு நாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டேன். மூடிய பிறகு எல்லாச் சுவரும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும்.

டைல்ஸ் துளைக்கும் விஷயம். ட்ரில்லில் சுத்தியல் போல அடிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, டைல்ஸுக்கான பிட் போட்டு, மெதுவாக. குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. கெட்டியான போர்சலின் டைல் என்றால் டைமண்ட் பிட்டும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், சாதாரண பிட் சூடேறி மழுங்கிவிடும். டைலில் போடும் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். 8 மி.மீ. போல்ட்டுக்கு டைலில் 10, பின்னால் மரத்தில் 6 என்று போட்டேன். மரை டைலின் ஓரத்தைத் தொட்டால் திருகும்போது டைல் கீறிவிடும்.

பேசினோடு வரும் போல்ட் ஒரு பாதி மரத்துக்கான திருகு, மறு பாதி நட்டு ஏறும் மரை. தலை கிடையாது, அதனால் எதைப் பிடித்துத் திருகுவது என்று குழப்பம் வரும். வெளி மரையில் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்குங்கள். இரண்டும் பூட்டிக்கொண்டு போல்ட்டுக்குத் தலை போல ஆகிவிடும். வெளி நட்டை ஸ்பேனரால் திருகினால் போல்ட் மரத்துக்குள் ஏறும். உள்ளே போனதும் நட்டுகளைப் பிரித்து எடுத்துவிடலாம்.

* * *

எனக்கு நடந்தது வேறு. இரண்டு போல்ட்டில் ஒன்று சரியாகச் சட்டத்தில் விழுந்தது. மற்றது வெற்றிடத்தில். கழிவுக் குழாய் வரும் இடத்தை மாற்ற முடியாது, அதனால் பேசினை நகர்த்தவும் வழியில்லை. வேலைக்கு வந்தவர் "ஒரு பக்கம் மரத்தில் பிடித்துவிட்டதே, அது போதும்" என்று மறு பக்கத்துக்கு, போர்டுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போட்டார்.

போதவில்லை. இரண்டு பக்கமும் ஆங்கராக இருந்தால் பேசின் முன்னால் சாயும். ஒரு பக்கம் மட்டும் உறுதியாக இருந்தால் அது முறுக்கும். சிலிக்கான் வலது ஓரத்தில் மட்டும் மறுபடி மறுபடி பிய்ந்தது. அப்புறம் பேசினுக்கு அடியில் கழிவுக் குழாயோடு சேரும் ட்ராப்பின் இணைப்பு ஒழுக ஆரம்பித்தது, பேசின் அசையும்போதெல்லாம் குழாயையும் ஆட்டுகிறதே.

சுவரைத் திறக்க வீட்டில் யாருக்கும் மனமில்லை. அதனால் 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்டை இரண்டு சட்டங்களை எட்டும் நீளத்துக்கு வெட்டி, சுவருக்கு மேலேயே வைத்து, நீள ஸ்க்ரூவால் டைல்ஸ் வழியாகச் சட்டங்களில் பிடித்தோம். சட்டத்துக்கு ஐந்து ஸ்க்ரூ. பேசினின் போல்ட்டுகள் ப்ளைவுட்டை ஊடுருவிப் போக, பின்பக்கம் நட்டு உட்காரக் குழி எடுத்து, பலகையை மாட்டும் முன்பே போல்ட்டைக் கோத்துவிட்டோம். வெட்டு ஓரங்களில் தண்ணீர் ஏறாமல் பெயின்ட் நன்றாகக் குடிக்கவிட்டு, மேலே அதே டைல்ஸை ஒட்டியாயிற்று. பார்க்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்த அலங்காரப் பட்டை. மேல் ஓரம் சோப்பு வைக்கும் திண்ணையாகவும் ஆகிவிட்டது.

* * *

சட்டம் எங்கே இருக்கிறது என்று தேட: நூலில் கட்டிய சின்னக் காந்தம். போர்டைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலைகளில் போய் ஒட்டும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேர்கோட்டில் ஒட்டினால் அதுதான் சட்டம். டைல்ஸ் கனமாக இருந்தால் இது பலிக்காது, மறுபக்கத்திலிருந்து தேடுங்கள். துளைக்கும் முன் மின் கம்பி இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்விட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே வேண்டாம்.

* * *

மரச் சட்டம் உள்ளவர்கள் புண்ணியவான்கள். எங்கள் அலுவலகக் கட்டடத்தில் எல்லாம் தகரச் சட்டம். அரை மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள இரும்புத் தகட்டை மடித்துச் செய்தது. போர்டைப் பிடிக்க அது நன்றாகவே போதும். அதில் போய் பேசின் போல்ட்டைத் திருகினால் மரை பிடிக்கவே பிடிக்காது, கையாலேயே உருவி எடுக்கலாம்.

நாங்கள் பார்த்தவரை இதற்கு இரண்டு வழி. ஒன்று, போர்டு அடிக்கும் முன் சட்டத்தின் குழிந்த பக்கத்துக்குள் மரக் கட்டையைச் செருகி, தகரத்தோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்து, அந்தக் கட்டைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுப்பது. இன்னொன்று, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இரும்பு ஃப்ரேம். அதன் கால்கள் தரையில் போல்ட் அடிக்கப்படும், பேசினின் போல்ட் ஃப்ரேமிலேயே ஏறும். பாரம் முழுக்கத் தரைக்குப் போய்விடும், சுவர் வெறும் மூடிதான். குட்டி பேசினுக்கு அது அதிகம் என்பார்கள். பலரும் புழங்கும் கழிவறைக்கு நான் அதைத்தான் போடுவேன். யார் எப்படி ஊன்றுவார்கள் என்று நமக்குத் தெரியாதே.

ஒன்று சொல்ல வேண்டும்: நிற்கும் பேசினுக்கு அடியில் வைக்கும் பீங்கான் தூண் பாரம் முழுவதையும் தாங்கும் என்று நம்பிச் சுவர்ப் பிடிப்பை விட்டுவிடாதீர்கள். குழாயை மறைக்கத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. அரைத்தூணோ சுவரிலேயே தொங்குவது, துளிகூட உதவாது.

* * *

ப்ளம்பிங் வேலை பார்க்கிறேன். சுவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், பீங்கானைப் பற்றி நான் சொல்கிறேன்.

பீங்கானும் இரும்பும் நேராகத் தொடக் கூடாது. அதற்காகத்தான் பிளாஸ்டிக் புஷ், பிளாஸ்டிக் வாஷர் கொடுக்கிறார்கள். அதைத் தொலைத்துவிட்டு வெறும் வாஷர் போட்டு முடுக்கியவர்கள் வீட்டில் துளையிலிருந்து விளிம்பு வரை ஓடிய கீறலைப் பார்த்திருக்கிறேன். கையால் முடிந்தவரை நட்டை ஏற்றி, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று, அசைந்தால் இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. பேசின் மட்டமாக இருக்கிறதா என்று மேல் விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே முடுக்குங்கள். டைல்ஸ் மேடு பள்ளமாக இருந்து பேசின் முழுதாகப் படியாவிட்டால், இறுக்கி வளைக்கப் பார்க்காதீர்கள், பீங்கான் வளையாது. இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள்.

குழாய், தண்ணீர் வெளியேறும் துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங் எல்லாவற்றையும் பேசினைத் தரையில் வைத்தே மாட்டிவிடுங்கள். குட்டி பேசின் சுவருக்குப் போன பிறகு அடியில் கை நுழையாது. பாட்டில் ட்ராப்பைப் போல்ட் முடுக்கிய பிறகு கடைசியாக இணையுங்கள். இணைப்பு எதையும் சுவருக்குள் புதைக்க வேண்டாம். செங்கல் சுவரில் ஒழுகினால் கறை தெரியும். பலகைச் சுவரில் உள்ளேயே ஒழுகிச் சட்டத்தின் அடி மக்கும் வரை தெரியாது. தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வு வெளியே, கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

சிலிக்கானை மேலேயும் இரு பக்கமும் மட்டும் பூசுங்கள். அடியை விட்டுவிடுங்கள். பின்னால் தண்ணீர் இறங்கினால் அடியில் சொட்டி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். நான்கு பக்கமும் அடைத்தால் அது போர்டுக்குள்தான் போகும். முதலில் எழுதியவர் வீட்டில் சுற்றிலும் பூசியிருந்தார்கள் என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

* * *

முதலில் எழுதியவன்தான். சிலர் தனியாகக் கேட்டதால்: சிலிக்கான் பூசுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பேசினுக்கும் டைலுக்கும் நடுவே மேல் பக்கம் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழையாத இடமாகப் பார்த்து நிறுத்தி, முன் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பின் பாரத்தை மெல்ல இறக்குங்கள். அப்போது காகிதம் உள்ளே போனால் பிடிப்பு போதாது, நட்டை இன்னும் முடுக்குவதில் பயனில்லை, பின்னால் கட்டையைப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் சிலிக்கானை எடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் காயவிடுங்கள்.