மறு: ‘டெப்ரைவேஷன்’ – ‘இழப்பு’ சரிவருமா?

> ‘த்ரெட்’ – அச்சுறுத்தல். ‘டெப்ரைவேஷன்’ – இழப்பு. இரண்டுக்கும் பொதுவாக ‘இளம்பருவ இன்னல்’. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

குழந்தைப் பருவத் துன்பங்கள் பற்றிய ஆங்கில உளவியல் சொற்களுக்கு நீங்கள் தந்த தமிழில் இன்னல், அச்சுறுத்தல் இரண்டும் சரி. ‘இழப்பு’தான் உறுத்துகிறது. கையில் இருந்தது போனால்தான் இழப்பு. ‘டெப்ரைவேஷன்’ என்பதோ பிள்ளைக்கு வேண்டிய பேச்சு, அரவணைப்பு போன்றவை கிடைக்காமலே இருப்பது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அம்மா பால்மரம் சீவப் போயிருப்பார். பள்ளி விட்டதும் தம்பியைத் தூக்கிவர தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடுவேன். அங்கே பார்த்த இரண்டு பிள்ளைகள் இன்னும் கண்ணில் நிற்கிறார்கள். ஒருவன், சம்சு என்ற மலிவான சாராயத்தைக் குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் தினமும் அடிவாங்கியவன். கதவு படாரென்று சாத்தினாலே சுவரோடு ஒட்டிக்கொள்வான். இன்னொருத்தியை யாரும் அடித்ததில்லை, யாரும் அவளோடு பேசியதுமில்லை. தூளியில் கிடந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதாகியும் நாலு சொல் சேர்த்துப் பேச வரவில்லை.

1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் இளம்பருவ இன்னல்கள் பற்றி வெளியிட்ட ஆய்வில் இன்னல்கள் ஏழு வகை. புறக்கணிப்பு அதில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். அந்த முதல் கணக்கில் பையன் வந்திருப்பான், இவள் வந்திருக்கவே மாட்டாள். அப்புறம் 2014-இல் உளவியல் ஆய்வாளர்கள் மெக்லாக்லினும் ஷெரிடனும் அச்சுறுத்தல், ‘டெப்ரைவேஷன்’ இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அச்சுறுத்தல், பயத்தைக் கற்கும் விதத்தையும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதையும் பாதிக்கிறது. மற்றது மொழியையும், கவனம், திட்டமிடல் போன்ற திறன்களையும் பாதிக்கிறது.

அந்த ‘மற்றது’க்கு என் பரிந்துரை: கிட்டாமை.

‘வறுமை’ ஆகாது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருமே ஏழைகள்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருப்பார். ‘இன்மை’ என்றாலும் குறள் படித்தவருக்கு வறுமைதான் நினைவுக்கு வரும். ‘பேச்சிழப்பு’ என்று எழுதினால் பக்கவாதம் வந்தவர் என்று நினைப்பார்கள். ‘பேச்சுக் கிட்டாமை’, ‘அரவணைப்புக் கிட்டாமை’ என்றால் குழப்பமில்லை.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டில் குழந்தைகள் இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். இழந்தது என்று எழுதிவிட்டால் கதை முடிந்ததுபோல் இருக்கிறது. கிட்டாதது இனியும் கிட்டலாம்.

‘கிட்டாதாயின் வெட்டென மற’ குறுக்கே வரும் என்று யாராவது சொல்லக்கூடும். பிள்ளை எதைக் கேட்டு, எதை மறப்பது? எனக்கு அது தடையாகப் படவில்லை.

‘கிட்டாமைக்கு ஆளான குழந்தை’ என்று எழுதலாமா, ‘கிட்டாக் குழந்தை’ என்று சுருக்கலாமா? சுருக்கினால் குழந்தையே கிட்டவில்லை என்று பொருள் மாறிவிடுமோ என்று தயங்குகிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.