பாழடைந்த சத்திரத்தில் டைம்லாப்ஸ்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் பாழடைந்து கிடக்கிறது. சுண்ணாம்புச் சுவரைப் பிளந்துகொண்டு அரச மரத்து வேர் தரை வரை இறங்கிவிட்டது. பார்த்தால் மனசு கேட்கவில்லை.

மேட்டூர் திறந்து, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில், விடியலிலிருந்து இருட்டும் வரை அங்கே டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்க ஆசை. 10 நொடிக்கு ஒரு படம், மணிக்கு 360 படம். நொடிக்கு 24 ஃபிரேம் (படம்) ஓட்டினால் ஒரு மணி நேரம் 15 நொடி வீடியோவாக வரும். வெள்ளோட்டம் பார்த்தேன். பகலில் சரி, அந்தியில் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) மாற்றும்போதெல்லாம் வெளிச்சம் துடிக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

அப்புறம், கைவிடப்பட்ட கட்டடங்களை எடுப்பவர்களில் யாருடைய படங்களைப் பார்க்கலாம்? வண்ணம் ஏற்றிய படங்கள் வேண்டாம், அங்கே வாழ்ந்தவர்களை நினைக்க வைப்பவை போதும்.