கலைச்சொல்: அல்ட்ரா லாங் ஹால் – தொலைவா, நேரமா?

அவைக்கு வணக்கம்.

நம் வான்போக்குவரத்துக் கலைச்சொல் பட்டியலில், எங்கும் நிற்காமல் மிக நீண்ட நேரம் பறப்பதைக் குறிக்கும் ‘அல்ட்ரா லாங் ஹால்’ இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் காலியாகவே கிடக்கிறது. ஷார்ட், மீடியம், லாங் மூன்றுக்கும் குறுந்தொலைவு, இடைத்தொலைவு, நெடுந்தொலைவு என்று வைத்தாயிற்று. அதே வரிசையில் ‘மீநெடுந்தொலைவுப் பறப்பு’ என்பதை முன்மொழிகிறேன். மீயுரை, மீயொலி, மீத்திறன் கணினி என்று ‘மீ’ நன்றாகவே பழகிவிட்டது. செய்தித்தாள்கள் ‘மிக நீண்ட தூர விமானம்’ என்று எழுதுகின்றன. அது விளக்கம்தான், சொல்லாக நிற்காது.

எடுத்துக்காட்டுக்குச் சிங்கப்பூர்–நியூயார்க் தடம் போதும்: 15,300 கி.மீ.க்கு மேல், அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதல். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

* * *

> மீநெடுந்தொலைவுப் பறப்பு

ஐயா, ‘மீ’யில் எனக்கு மறுப்பில்லை. ‘தொலைவு’தான் இடிக்கிறது.

இந்தத் துறையில் இதற்கான வரையறை கிலோமீட்டரில் இல்லை. இரு நகரங்களுக்கு இடையே போகவோ வரவோ, சராசரிக் காற்றையும் பருவ மாற்றத்தையும் கணக்கில் எடுத்துத் திட்டமிட்ட பறப்பு நேரம் 16 மணியைத் தாண்டினால் அது இந்த வகை. 2000-களின் தொடக்கத்தில் பறப்புப் பாதுகாப்பு அறக்கட்டளை, போயிங், ஏர்பஸ் ஆகியவை கூடி நடத்திய பட்டறைகளில் புழங்கிய வரையறை இது. விமானிகளின் பணிநேரம் 18 முதல் 22 மணி வரை போகும் என்பதையும் அவர்கள் அப்போதே கணக்கில் வைத்திருந்தார்கள். ஓடுபாதையின் நீளம், எஞ்சின் வகை, பயணிகள் எண்ணிக்கை எதுவும் வரையறைக்குள் வரவில்லை. மணிக்கணக்கு மட்டுமே.

தொலைவை அளவாக வைத்தால் எங்கே தவறும் என்பதற்கு ஒரு பழைய தடத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்தின் நெட்லண்ட்ஸிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்குக் கட்டலினா கடல்விமானங்களை ஓட்டியது. தொலைவு ஏறத்தாழ 5,600 கி.மீ.தான். இன்று அது சாதாரண நெடுந்தொலைவுப் பறப்பு. ஆனால் அந்த விமானங்கள் அதைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் எடுத்துக்கொண்டன; பயணிகள் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். எரிபொருளுக்கே எடை போய்விட்டதால் ஏற்றியது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே. இதை ‘மீநெடுந்தொலைவு’ என்று எப்படிச் சொல்வது? ‘மீநெடுநேரம்’ என்றால் தயக்கமே இல்லாமல் பொருந்துகிறது.

நேரம் ஏன் அளவுகோல் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் முட்டுப்படுவது விமானியின் உடல். அமெரிக்க விதிப்படி நான்கு விமானிகள் இருந்து, படுத்து உறங்கும் தரமான படுக்கையும் இருந்தால்கூட, பறப்பு நேரத்துக்கு உச்சவரம்பு 17 மணி. பணிநேர வரம்பு புறப்படும் வேளையைப் பொறுத்தது. காலை 7 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே பணி தொடங்கினால் 19 மணி நேரம். மாலை 5 மணிக்குப் பிறகோ நள்ளிரவு தாண்டியோ தொடங்கினால் 17 மணி நேரம்தான். இதைத் தாண்ட வேண்டுமென்றால் அந்தத் தடத்துக்கென்றே களைப்பு மேலாண்மைத் திட்டம் வகுத்து, விமானிகளின் உறக்கத்தை அளந்து காட்டி அனுமதி பெற வேண்டும். படுக்கையில் கழித்த நேரம் முழுவதும் உறக்கமாகாது. அதிலும் உடற்கடிகாரம் அதிகாலை 2 முதல் 6 மணி வரை தாழ்ந்திருக்கும்போது தரையிறங்க நேர்ந்தால், தரையிறக்கப்போகிற இரு விமானிகளுக்குக் கடைசி ஓய்வு எப்போது கிடைக்கிறது என்பதே அந்த நாளின் அட்டவணையைத் தீர்மானிக்கும்.

நடுவழியில் வேறு ஊரில் இறங்க நேரும் வழிமாற்றத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பறப்பின் பன்னிரண்டாம் மணியில் ஒரு பயணிக்கு நெஞ்சுவலி என்று வையுங்கள். இறங்கி, நோயாளியை ஒப்படைத்து, அவருடைய பெட்டியைத் தேடி எடுத்து, எரிபொருள் நிரப்பிக் கிளம்ப இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். ஏழு மணி நேரப் பறப்பாக இருந்தால் அதே குழு தொடர்ந்து போகும். இங்கே விமானம் சரியாக இருக்கும், எரிபொருள் இருக்கும், வானிலையும் நன்றாக இருக்கும். குழுவுக்கு மணி மிச்சமிருக்காது. மாற்றுக்குழு வந்து சேரும்வரை எல்லோரும் அந்த ஊரில்தான்.

ஆகவே என் பரிந்துரை: மீநெடுநேரப் பறப்பு.

* * *

அம்மா எழுதியதில் தரவு எல்லாம் சரி. ஆனால் தொலைவை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. விமானத்தை வாங்குகிறவர் மணியை வாங்குவதில்லை. எவ்வளவு தொலைவு போகும் என்பதைத்தான் வாங்குகிறார்.

சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச்) விமானத்தின் பெயரிலேயே ‘ரேஞ்ச்’, அதாவது செல்தொலைவு, இருக்கிறது. சாதாரண ஏ350-900-இல் எரிபொருள் கொள்ளளவு சுமார் 1,41,000 லிட்டர். இதில் 1,65,000. கூடுதல் தொட்டி எதையும் வைக்கவில்லை. எரிபொருள் அமைப்பைத் திருத்தி, இருந்த தொட்டிகளுக்குள்ளேயே அந்த 24,000 லிட்டருக்கு இடம் கண்டார்கள். முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 130 டன். ஏறும்போது உச்ச எடை 280 டன். அதாவது தரையை விட்டு எழும்புவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு எரிபொருள்.

இதில் கொடுமை என்னவென்றால், எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும். ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் அதில் மணிக்கு 3 முதல் 4 விழுக்காடு அதைத் தூக்கிக்கொண்டு போவதிலேயே எரிந்துவிடும். பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் அந்த ஒரு டன்னில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். கடைசி 1,000 கி.மீ. முதல் 1,000 கி.மீ.ஐவிட விலை கூடியது இதனால்தான். அந்த விலையை இருக்கையைக் குறைத்துத்தான் கட்டுகிறார்கள். அதே நிறுவனத்தின் நெடுந்தொலைவு ஏ350-900-இல் 253 இருக்கை, யுஎல்ஆரில் 161. அதில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி; சாதாரண எகானமியே கிடையாது. முன்பக்கச் சரக்கறையும் பயன்பாட்டில் இல்லை. 2004-இல் ஏ340-500-ஐ வைத்து நியூயார்க்கை அடுத்த நியூவர்க்குக்குத் தொடங்கிய சேவை 2013-இல் நின்றது. நான்கு எஞ்சின் குடித்த எரிபொருளுக்கு, பின்னாளில் வைத்த 100 பிசினஸ் இருக்கைகள் ஈடு கொடுக்கவில்லை. 2018 அக்டோபரில் இரட்டை எஞ்சின் யுஎல்ஆர் வந்த பிறகே அது மீண்டது.

குவாண்டாஸ் சிட்னி–லண்டனுக்காக 2022-இல் ஆர்டர் செய்த ஏ350-1000 விமானங்களில் வேறு வழி: பின்புறம் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, 238 இருக்கை. மற்ற நிறுவனங்கள் அதே உடலில் முந்நூறுக்கு மேல் வைக்கின்றன.

இன்னொன்று: ஏறிய உடனே திரும்ப நேர்ந்தால் இறங்கும் எடை வரம்பு தடுக்கும். அது ஏறும் எடையைவிட 70 டன் அளவுக்குக் குறைவு. எரிபொருளை வானில் கொட்ட வேண்டும், அல்லது வரம்பு மீறிய எடையோடு இறங்கிவிட்டுச் சக்கரத் தாங்கிகளைச் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் எடை, தொலைவு சார்ந்த எல்லைகள். மணியில் அடங்கமாட்டா.

* * *

எரிபொருளைப் பற்றிப் பேசுவதால் ஒரு சிறு சேர்க்கை. அது நேரத்தின் பக்கமும் சாய்கிறது. அமெரிக்காவில் நிரப்புவது பெரும்பாலும் ஜெட் ஏ. உறைநிலை −40 பாகை. மற்ற நாடுகளின் ஜெட் ஏ-1க்கு −47. துருவத்துக்கு அருகே வெளிக்காற்று −60க்குக் கீழே போகும். இறக்கைத் தொட்டியில் உள்ள எரிபொருள் உடனே குளிர்ந்துவிடாது. மணிக்கணக்கில் ஊறி ஊறித்தான் குளிரும். உறைநிலையை நெருங்கினால் விமானி கீழே இறங்கிச் சூடான காற்றைத் தேட வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டும் எரிபொருளைத் தின்னும். நியூவர்க்கிலிருந்து வடக்கே ஏறும் தடங்களில் இதைத் திட்டமிடும்போதே பார்த்துவிடுவார்கள்.

பயணியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வசதி என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு நேரத்தின் கூட்டுத்தொகை. அறைக்குள் ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு. மூன்று மணி நேரத்தில் அது உதட்டோடு நிற்கும், பதினேழு மணியில் கண், மூக்கு, தொண்டை எல்லாம் வறளும். கேபினுக்குள் காற்றழுத்தம் பழைய விமானங்களில் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். கலப்பிழை (காம்போசிட்) உடல் கொண்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் 6,000 அடி. இரண்டாயிரம் அடி வேறுபாடு குறுகிய பறப்பில் பெரிதாகத் தெரியாது. இரவு முழுதும் அந்தக் காற்றில் உறங்குகிறவருக்குத் தலைவலியிலும் சோர்விலும் தெரியும். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவதைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் இடர் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றது. ஆனாலும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான்; பீதி வேண்டாம், எழுந்து நடக்கவும் கெண்டைக்காலை அசைக்கவும் இடம் வேண்டும். புது குவாண்டாஸ் வடிவமைப்பில் பயணிகள் நின்று கைகால் நீட்டவென்றே ஓர் இடம் ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான்.

2019 அக்டோபரில் குவாண்டாஸ் நடத்திய நியூயார்க்–சிட்னி சோதனைப் பறப்பில், ஏறத்தாழ 50 பேருடன், 19 மணி 16 நிமிடம் பறந்தார்கள். இரவில் கிளம்பியும் விளக்கை அணைக்கவில்லை. முதல் ஆறு மணி நேரம் வெளிச்சம், காரமான உணவு, உடற்பயிற்சி என்று விழிக்க வைத்தார்கள். சிட்னியில் இரவானபோதுதான் இருட்டாக்கினார்கள். வழக்கமான பறப்பில் ஏறியதும் சாப்பாடு, உடனே இருட்டு என்பார்கள். அது பரிமாறுகிறவர்களின் வசதிக்கான வரிசை. பயணியின் உடற்கடிகாரத்தை அது பார்ப்பதில்லை.

‘இடைநில்லா’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். ‘நேரடி விமானம்’ என்று எழுதுவது குழப்பம் தரும். சிட்னி–லண்டன் குவாண்டாஸ் 1 ஒரே எண்ணில் போவதால் நேரடிதான். ஆனால் சிங்கப்பூரில் நிற்கிறது. நம் பேருந்துகளில் எழுதியிருக்கும் ‘இடைநில்லா’ இருக்கும்போது வேறு தேட வேண்டாம்.

* * *

அனைவருக்கும் நன்றி. ‘தொலைவு’ என்ற என் முன்மொழிவை மாற்றிக்கொள்கிறேன், முழுதாக விடவில்லை. இருவர் சொல்வதும் இரண்டு வெவ்வேறு பொருளைப் பற்றியது. திறன் விமானத்துக்கு உரியது, அது தொலைவு. 16 மணி பறப்புக்கு உரியது, அது நேரம். பெர்த்–லண்டனில் 2018 முதல் பறக்கும் 787-9 பெயரில் ‘அல்ட்ரா’ இல்லை, பறப்போ 17 மணி. மறுபக்கம் யுஎல்ஆர் விமானத்தை நான்கு மணித் தடத்தில் ஓட்டினாலும் அதன் திறன் மாறாது. ஒரே சொல்லில் இரண்டையும் கட்டினால் இதே வழக்கு மறுபடி வரும். எனவே இரு பதிவுகள்:

மீநெடுந்தொலைவு விமானம்: வழக்கமான நெடுந்தொலைவு வகையைவிடக் கூடுதல் எரிபொருளோடு, இருக்கையோ சரக்கோ குறைத்து, தொலைவு கூட்டப்பட்ட விமானம்.

மீநெடுநேரப் பறப்பு: இரு நகரங்களுக்கு இடையே ஏதேனும் ஒரு திசையில் திட்டமிட்ட நேரம் 16 மணியைத் தாண்டும் இடைநில்லாப் பறப்பு. பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோ போன்ற தடங்களில் மேற்கே திரும்பும்போது எதிர்க்காற்றால் மணி கூடும். அதனால் ‘ஏதேனும் ஒரு திசையில்’ என்பதை வரையறையிலிருந்து எடுக்கக்கூடாது.

‘நேரப் பறப்பு’ என்பதில் ஒற்று கட்டாயம். தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்கவும். அடுத்து, நடுவழியில் மட்டும் ஓட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் பொறுப்பேற்காத விமானிக்குச் சொல் வேண்டும். ‘துணை விமானி’ ஏற்கெனவே வேறு பொருளில் இருப்பதால் ‘இடைவழி விமானி’ என்று பார்க்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.