கொட்டகைக் குஞ்சுகளுக்கு மட்டும் ரத்தக் கழிச்சல், மேய்கிறவை நன்றாக இருக்கின்றன. ஏன்?

கேள்வி:
எல்லாம் நாட்டுக்கோழி, ஒரே நேரத்தில் பொரித்த குஞ்சுகள். பாதி தாயோடு வெளியே மேய்கின்றன, மீதி கொட்டகையில் ஆழ்கூளத்தில் (தரையில் கனமாகப் பரப்பிய உமிப் படுக்கை). ஐந்து வாரம் ஆகிறது. கொட்டகைக் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிகின்றன, எச்சத்தில் ரத்தம். அடைத்து வளர்த்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா? எல்லாவற்றையும் திறந்து விட்டுவிடவா?

பதில் 1:
கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள், உருண்டை பிடிக்கிறதா? அப்படியே குஞ்சு உயரத்துக்குக் குனியுங்கள், கண் எரிகிறதா?

கேட்டவர்:
பிடிக்கிறது. நெடியும் தாங்கவில்லை.

பதில் 1:
சரி, விஷயம் அங்கேதான். ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே வந்தால், ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும் கூளத்தில் 1-2 நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மேய்கிற குஞ்சும் இதைக் கொத்தத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. அதிலேயே குடல் எதிர்ப்புப் பழகிவிடும். கொட்டகையில் ஒரேயடியாக உள்ளே போகிறது. போதாததற்கு, அந்த நெடிக்குக் காரணமான அமோனியா 25 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் கெடும், சளி பிடிக்கும். நெரிசலும் வெக்கையும் நீடித்தால் கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடி, எதிர்ப்பணுக்கள் வளரும் தைமஸ், பர்சா என்ற உறுப்புகள் சுருங்கும்.

பதில் 2:
ஒரு சின்ன மறுப்பு. மேயும் கோழிக்கு எதிர்ப்பு அதிகம் என்று சொல்கிறவர்கள், காணாமல் போன குஞ்சுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பருந்து தூக்கியது நல்ல குஞ்சா, ஏற்கெனவே நோயில் சோர்ந்ததா, யார் பார்த்தார்கள்? குடற்புழுவும் மேய்ச்சலில்தான் அதிகம். புழு மிகுந்தால் தடுப்பு மருந்து போட்டும் எதிர்ப்பு சரியாக வராது, அதனால் முதலில் புழு நீக்கம். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்) வந்தால் மேய்ந்தது, அடைத்தது என்று பார்க்காது. அதற்கான தடுப்பு மருந்து லசோட்டா இரண்டு கூட்டத்துக்கும் வேண்டும்.

கேட்டவர்:
அப்போ இவற்றை இப்போது திறந்து விடலாமா, கூடாதா?

பதில் 1:
கூடாது. மேய்கிற இடமெல்லாம் ஒட்டுண்ணியைப் பரப்பிவிடும். கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டுங்கள். அவர் ஆம்ப்ரோலியம் என்ற ஐமீரியா மருந்தை எழுதினால், அது முடியும்வரை பி1 உள்ள வைட்டமின் டானிக் கொடுக்காதீர்கள், மருந்து வேலை செய்யாது. ஈரக் கட்டிகளை வாரிவிட்டுக் காய்ந்த உமி போட்டுத் தினமும் கிளறுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், நிறைய ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. நன்றாகத் தேறிய அப்புறம் பகலில் மேய்ச்சல், இரவில் கொட்டகை.