‘கிரீஃபிங்’ என்பதற்கு ‘ஆட்டக்குலைப்பு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில், பிறருடைய ஆட்டத்தை வேண்டுமென்றே கெடுக்கும் ‘கிரீஃபிங்’ (griefing) எனப்படும் செயலுக்கு ‘நச்சு நடத்தை’, ‘அழுகுணி ஆட்டம்’ என்ற இரு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘ஆட்டக்குலைப்பு’ என்பதை முன்மொழிகிறேன்.

தன் அணியினரையே வழிமறிப்பது, பிறர் கட்டியதை இடிப்பது, வேண்டுமென்றே எதிரணியிடம் திரும்பத் திரும்பச் சாவது ஆகியவற்றைச் செய்பவருக்கு வெற்றி ஒரு பொருட்டன்று. பிறருடைய ஆட்டம் கெட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அழுகுணி ஆட்டம் ஆடுபவரோ வெல்வதற்காகவே விதியை மீறுகிறார். அந்த அருமையான வழக்குச் சொல்லை ‘சீட்டிங்’ (cheating), அதாவது ஏமாற்றி வெல்வது, என்பதற்கே வைத்துக்கொள்ளலாம். ‘நச்சு’ என்பது வசவு, மிரட்டல், பாலியல் சீண்டல் அனைத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. செயலை விட்டு ஆளின் மேல் ஒட்டிக்கொள்வது அதன் பெரிய குறை.

‘குலைப்பு’ என்ற சொல்லை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம், அதன் இணையான ‘குலைவு’ நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதான். சீர்குலைவு தானாக நேர்வது, சீர்குலைப்பு ஒருவர் செய்வது என்ற தன்வினை–பிறவினை வேறுபாட்டை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டை வடிவமைப்போருக்கு அன்றாடம் தேவைப்படும் வேறுபாடும் இதுவே. இணைப்பு அறுந்து பாதியில் வெளியேறியவரும், தோற்கப்போகிறோம் என்ற கோபத்தில் வெளியேறியவரும் சர்வரின் பதிவில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரிவார்கள். புதிதாக ஆட வந்து தடுமாறுபவரையும் வேண்டுமென்றே சாகிறார் என்று ரிப்போர்ட் செய்துவிடுவார்கள். குலைவைக் குலைப்பாகக் கருதித் தண்டித்தால் புதியவர் மீண்டும் அந்தப் பக்கம் வரமாட்டார், குலைப்பைக் குலைவென்று விட்டுவிட்டால் மற்றவர்கள் வெளியேறுவார்கள் என்பதால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது விதிகளை எழுதுவோருக்குப் பெரும் துணையாகும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இணைய விளையாட்டு 2011-இல் தொடங்கிய தீர்ப்பாயத்தில், ஆட்டப் பதிவுகளையும் சாட் உரையாடலையும் படித்துச் சக ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். அம்முறை 2014-இல் நிறுத்தப்பட்டது. எனினும் அவ்வாறு சக ஆட்டக்காரர்கள் கையில் முடிவை ஒப்படைக்கும்போது, குற்றத்தின் பெயரே நோக்கத்தைக் குறிப்பது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

இச்சொல் வடிவமைப்பின் பக்கமும் நம் பார்வையைத் திருப்பும். 2012-இல் வெளிவந்த ‘ஜர்னி’ என்ற விளையாட்டு உருவாகும்போது, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிடும் வாய்ப்பு இருந்தது. உதவுவதற்கென வைத்ததைப் பலர் பள்ளத்தில் தள்ளவே பயன்படுத்தியதால், ஒருவர்மேல் ஒருவர் மோதித் தள்ளும் வசதியையே நீக்கிவிட்டார்கள். தண்டனை எதுவும் இல்லாமலே குலைப்புக்கான இடம் இல்லாமல் போயிற்று. ‘நச்சுத்தன்மையை நீக்குதல்’ என்றால் மனிதர்களைத் திருத்துவது போல் ஒலிக்கிறது. ‘குலைப்புக்கு இடமளிக்காத ஆட்டம்’ என்றால் வேலை யாருடையது என்பது தெளிவாகிறது.

ஒரு வேண்டுகோள். ‘குலைப்பாளர்’ என்ற பெயர்ச்சொல்லை உருவாக்க வேண்டாம். ரிப்போர்ட் பட்டியலில் ‘ஆட்டத்தைக் குலைத்தார்’ என்று வினையாகவே எழுதலாம். கணக்கு முடக்கப்பட்டவருக்கு அனுப்பும் செய்தியிலும் எந்த ஆட்டத்தில் என்ன செய்தார் என்பதை அதே வினையைக் கொண்டு குறிப்பிடலாம். ‘குலைவு’ என்பதை இணைப்புத் துண்டிப்புக்கு மட்டும் சுருக்குவதா, தடுமாற்றத்தையும் அதில் சேர்ப்பதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்