33 வயசு வரை அம்மா வீட்டில்: குரோஷிய இளைஞர்களுக்கு அது பாசமா, வேற வழி இல்லாமையா?

மேகலா:
ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட்டின் 2022 கணக்குப்படி, பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயசு குரோஷியாவில் 33.4, ஸ்லோவாகியாவில் 30.8, பல்கேரியாவில் 30.3. பின்லாந்தில் 21.3. கம்யூனிசம் போனதும் எல்லாரும் மேற்கு ஐரோப்பா மாதிரி ஆயிடுவாங்கன்னு 1990இல் அடிச்சுச் சொன்னாங்க. கட்சி ஆட்சியிலும் கரையாத குடும்பப் பிணைப்பு சந்தைப் பொருளாதாரத்திலும் கரையலை. கம்யூனிச ஆட்சியையே பார்க்காத இத்தாலியிலும் 30தான். இது மனப்போக்கு, பணக் கணக்கு இல்லை.

கணக்கப்பிள்ளை:
மேடம், மனப்போக்குக்கு முன்னாடி அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குதான்னு பாருங்க. 1990களில் இந்த முன்னாள் கம்யூனிச நாடுகளில் அரசாங்க, கம்பெனிக் குடியிருப்புகளைக் குடியிருந்தவங்களுக்கே சல்லிசா வித்துட்டாங்க. ருமேனியாவில் இப்போ சுமார் 95 சதவீதம் பேர் சொந்த வீட்டில், ஜெர்மனியில் பாதிதான். வாங்கினது அப்பா அம்மா தலைமுறை. அப்புறம் பிறந்தவனுக்கு அந்தப் பந்தியில் இலையே போடலை.

மிஞ்சினது யாரோ ஒருத்தரோட ரெண்டாவது ஃபிளாட். குரோஷியாவின் கடற்கரை நகரமான ஸ்பிளிட்டில் மாணவர்களுக்கு இலையுதிர் காலத்தில் கொடுத்து, ஜூன் வாக்கில் காலி பண்ணச் சொல்வாங்க. கோடையில் அதே வீடு சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்குப் போகும். வரிக்குப் பயந்து ஒப்பந்தம் எழுதாத வீட்டுக்காரர்களும் நிறைய. எழுத்தில் ஒப்பந்தம் இல்லைன்னா முகவரிப் பதிவுக்கு அலையணும். வருஷா வருஷம் மூட்டை கட்டுறதுக்கு அம்மா வீடே மேல்னு தோணாதா?

வடதிசை:
ரெண்டு பேர் வாதமும் எஸ்டோனியாவில் இடிக்குது. அங்கேயும் இதே விற்பனைதான்: வேலை பார்த்த வருஷங்களைக் கணக்குப் பண்ணிப் பத்திரம் கொடுத்து, அதை வெச்சே வீட்டை வாங்க விட்டாங்க. ஆனா வெளியேறும் வயசு 22.7. படிக்க தார்த்து, தாலின் மாதிரி பெரிய நகரங்களுக்குப் போயிடுறாங்க, படிக்கும்போதே வேலைக்கும் போறாங்க. 2013 முதல் எஸ்டோனிய மொழியில் முழுநேரம் படிச்சா கல்லூரிக் கட்டணமும் இல்லை.

அந்த 33.4 எப்படி வருதுன்னும் பாருங்க. எந்த வயசில் பாதிப்பேர் பெற்றோரோடு இல்லையோ, அதுதான் கணக்கு. அதுவும் நாட்டுக்குள் இருக்கிறவங்களை மட்டும் எடுத்து. குரோஷியா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2015 ஜூலையில் ஜெர்மனி வேலைக்குக் கதவைத் திறந்தது. கிளம்பத் துணிஞ்சவன் டப்ளினிலும் மியூனிக்கிலும் இருக்கான், கணக்கில் இல்லை. தங்கினவங்களை மட்டும் எண்ணிட்டு அதை ஒரு தலைமுறையின் குணம்னு சொல்லலாமா?

மேகலா:
லித்துவேனியாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாத்தான் வெளிநாடு போனாங்க. அங்கே வெளியேறும் வயசு 25ஐச் சுற்றி நிற்குதே, எப்படி?

தோழர் சுப்பு:
பழைய ஆட்சியில் வேலையோடு வீடும் வந்தது. கல்யாணம் ஆனவுடனே சாவி கையில். அதை ஒழிச்சுட்டு இப்போ மனப்போக்கு ஆராய்ச்சி!

கணக்கப்பிள்ளை:
தோழர், சாவிக்கு முன்னாடி வரிசை ஒண்ணு இருந்ததே. போலந்தில் கூட்டுறவு வீட்டுக்குப் பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க மாமியார் வீட்டு ஒற்றை அறையில். பிள்ளை பேரில் வீட்டுச் சேமிப்புப் புத்தகம் போட்டு மாசாமாசம் பணம் கட்டினாங்க. 1989-90 பணவீக்கம் அதை விழுங்கிடுச்சு. பழைய புத்தகக்காரங்களுக்கு அரசு இன்னமும் ஈட்டுத்தொகை கொடுத்துட்டு வருது.

மேகலா:
பணம் கொடுத்தா மாறும்னா ஹங்கேரி மாறியிருக்கணும். 2019 ஜூலையில் தம்பதிக்கு 1 கோடி ஃபோரின்ட் (அந்த நாட்டு நாணயம்) வரை வட்டியில்லாக் கடன் கொண்டுவந்தாங்க. அஞ்சு வருஷத்துக்குள் ஒரு குழந்தை பெத்துக்கணும். ரெண்டாவதுக்கு 30 சதவீதம் தள்ளுபடி, மூணாவதுக்கு முழுசும். குழந்தை இல்லைன்னா சந்தை வட்டி, அதோட அதுவரை கிடைச்ச வட்டிச் சலுகையையும் திருப்பிக் கட்டணும். கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள், 2021இல் 1.6ஐத் தொட்டுட்டு 2024இல் 1.4க்குக் கீழே இறங்கிடுச்சு.

கணக்கப்பிள்ளை:
அந்தக் கடன் எங்கே போச்சு? பலருக்கு வீட்டு முன்பணமா. வாங்க ஆள் கூடினாங்க, வீடு அந்த வேகத்தில் கட்டலை. போலந்தின் 2 சதவீத வீட்டுக்கடனும் அப்படித்தான். 2023 ஜூலையில் வந்தது: 45 வயசுக்குள், முதல் வீடு, தனி ஆளுக்கு 5 லட்சம் ஸ்வோட்டி (போலந்து நாணயம்) வரை, குடும்பத்துக்கு 6 லட்சம், பத்து வருஷ வட்டிச் சலுகை. வருஷம் முடியுறதுக்குள்ளே ஒதுக்கின பணம் காலி, பெரிய நகரங்களில் விலை ஏறிடுச்சு. கடன் தகுதி இல்லாத 24 வயசுக்காரன் இன்னும் தள்ளிப் போனான். 26 வயசு வரை வருமான வரி இல்லைன்னு 2019இல் அறிவிச்சதும் மாசச் செலவுக்கு உதவும். வார்சாவில் முன்பணத்துக்குக் காணாது.

வடதிசை:
நீங்க சொல்றது எல்லாமே வாங்குறவனுக்கான கடன். நீண்டகால வாடகை ஒப்பந்தத்தை எந்த நாடு உருப்படியா எழுதியிருக்குன்னு சொல்லுங்க, அங்கிருந்து பேசலாம். மேகலா மேடம், லித்துவேனியாவிலும் இளசுகள் படிக்கிற வயசிலேயே வில்னியஸ், கௌனஸ் போயிடுறாங்க. அந்தப் பக்கம் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் வளர்ந்த பையன் ஸாக்ரெப்பிலேயே படிச்சு, அங்கேயே வேலையும் பார்க்கிறான். அவன் எதுக்காக வெளியேறணும்?