உங்களிடம் மாட்டிய போக்கிமான், உங்களை மாட்டிவிட்ட போக்கிமான்

வீடியோ கேமில் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுகிற போக்கிமான் ஜீவன்களில் பிடித்தது எது என்று கேட்டால் பாதிப் பேர் சாரிசார்ட் என்பார்கள், மீதிப் பேர் பிக்காச்சு. அது தெரிந்த கதை. நான் கேட்பது வேறு. எந்த இடத்தில் எதிர்ப்பட்டது, கைக்கு வருவதற்குள் என்ன பாடு படுத்தியது? அதைச் சொல்லுங்கள். கேட்டவன் என்ற முறையில் நானே ஆரம்பிக்கிறேன்.

2007. திருச்சியில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு புண்ணியவான் கேம்பாய் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரும், ஃபயர்ரெட் என்ற போக்கிமான் ஆட்டமும் ஏற்றி வைத்திருந்தார். ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடித்தால் ஆட்டம் வேகமாக ஓடும். மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்தக் கீபோர்டில் மற்ற எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கும், ஸ்பேஸ்பார் மட்டும் நடுவில் தேய்ந்து பளபளக்கும்.

என் ஆள் ஹாண்டர். லாவெண்டர் டவுனில் இறந்த போக்கிமான்களுக்கான கோபுரம் ஒன்று இருக்கிறதே, அங்கே பிடித்தது. சில்ஃப் ஸ்கோப் என்ற கருவி இல்லாமல் அந்தக் கோபுரத்தில் ஏறினால் எதிரே வருவது ‘பேய்’ என்று மட்டும்தான் திரையில் காட்டும். நம் போக்கிமான் பயந்துபோய் அசையவே அசையாது. நான் முதல் தடவை கருவி இல்லாமல்தான் ஏறினேன். அந்த இசையையும் கேட்டுவிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்கு நடந்து போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கருவியோடு போனால் அதே பேய், காஸ்ட்லி (Gastly) என்ற போக்கிமானாகத் தெரிந்தது. ‘அட, நீதானா!’ என்று உடனே பிடித்துப் போட்டேன். 25ஆம் லெவலில் அது உருமாறி ஹாண்டர் ஆனது.

அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த உருவமான கெங்கர் ஆக வேண்டுமென்றால் வேறொருவருக்கு டிரேட் செய்தாக வேண்டும். அதற்கு இரண்டு கேம்பாய் வேண்டும், இணைக்க வழி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் இதே ஆட்டம் ஆடும் நண்பன் ஒருவன் வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை. இதேபோல டிரேட் செய்தால்தான் மாறும் கடப்ரா, மச்சோக், கிராவ்லர் என்று என் பெட்டி முழுக்க பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் சேராதவர்கள் கூட்டமாகவே இருந்தது. அதில் ஹாண்டரை மட்டும் விடாமல் வளர்த்தேன்.

இனிமேல்தான் கதையே. ஆட்டத்தின் கடைசியில் வரும் நான்கு பெரிய ஆட்களான எலைட் ஃபோரை ஜெயித்து, தீவுகளில் கொடுக்கிற வேலையையும் முடித்தால் மூன்று புராணப் போக்கிமான்களில் ஒன்று ஊரெல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் நாம் ஸ்குவர்ட்டிலை எடுத்திருந்தால் நமக்கு வருவது ராய்கூ. எதிர்ப்பட்டால், சண்டையில் தன் முதல் முறை வந்ததுமே ஓடிவிடும். அதைத் தடுக்கும் மீன் லுக் (Mean Look) என்ற வித்தை என் ஹாண்டருக்குத் தெரியும். தூங்க வைக்க ஹிப்னாஸிஸும் உண்டு. அது பேய் ரகம் என்பதால் ராய்கூவின் குவிக் அட்டாக் அதன் மேல் படாது. லெவலை 66க்கு ஏற்றினேன், வேகத்தில் முந்திக்கொள்வதற்காக. மூன்று வாரம் அலைந்து ஒரு சனிக்கிழமை மாட்டியது. மீன் லுக் போட்டேன், சிக்கிக்கொண்டது. ஹிப்னாஸிஸ் போட்டேன், தவறியது. ராய்கூ ரோர் போட்டது, அதாவது எதிரியை விரட்டும் கர்ஜனை. சண்டை அதோடு முடிந்தது.

சரி, இன்னொரு நாள் வராமலா போகும் என்று சேவ் செய்து, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அது வரவே இல்லை. நான்கு மாதம் புல்லில் நடந்தேன். அது ஆட்டத்துக்குள்ளேயே இருந்த ஒரு பிழை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சுற்றித்திரியும் ராய்கூவோ என்டேயோ ரோர் போட்டுச் சண்டையை முடித்துவிட்டால், அந்த சேவில் அது ஒரேயடியாக மறைந்துவிடும். கர்ஜித்துவிட்டுக் கணக்கை மூடிக்கொண்டு போய்விட்டது.

* * *

அண்ணா, ராய்கூவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் உங்களுக்காவது விளையாட்டுதான் துரோகம் செய்தது. எனக்குச் செய்தது கூடப் பிறந்தவன்.

எங்களுக்குச் சித்தப்பா துபாயிலிருந்து ஒரு கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி கொண்டுவந்தார். கூடவே எமரால்ட் என்ற போக்கிமான் ஆட்டத்தின் கேசட். ஒரே கேசட், ஒரே சேவ், ஆடுவதற்கு இரண்டு பேர். பள்ளி நாட்களில் எனக்கு ஆறு மணி முதல் ஏழு, தம்பிக்கு ஏழு முதல் எட்டு. வீட்டில் ஒப்பந்தமே உண்டு.

நான் ஆசைப்பட்டது ஃபீபாஸ். பார்க்கச் சகிக்காத ஒரு பழுப்பு மீன். சண்டையில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அழகு என்ற அளவை ஏற்றி வளர்த்தால் மிலோடிக் ஆகும். அந்த விளையாட்டிலேயே அதைவிட அழகான உருவம் கிடையாது என்பது என் கட்சி, வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம். சிக்கல் என்னவென்றால் ஃபீபாஸ் கிடைப்பது ரூட் 119இல் மட்டும். அடிக்கடி மழை கொட்டும் ஒரு நீண்ட ஆறு. தூண்டில் போடக்கூடிய கட்டங்கள் நானூறுக்கு மேல். அதில் வெறும் ஆறு கட்டத்தில்தான் அது இருக்கும். சரியான கட்டத்திலேயே போட்டாலும் பாதித் தடவை வேறு மீன்தான் வரும். அதனால் ஒரு கட்டத்தை ‘இங்கே இல்லை’ என்று கழிப்பதற்குள் நாலைந்து தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாளைக் கிழித்தேன். ஆற்றை அதில் வரைந்தேன். வளைவு, பாறை, அருவி எல்லாம். ஒவ்வொரு கட்டமாகத் தூண்டில் போட்டு, இல்லையென்றால் பென்சிலால் குறுக்குக் கோடு. ஒரு மாதத்தில் இரண்டு தாள் நிரம்பி, செல்லோடேப் போட்டு மூன்றாவதை ஒட்டியிருந்தேன். 260 கட்டம் முடிந்துவிட்டது. மீதிக்குள்தான் இருக்கிறது, எங்கே போய்விடும்?

அதே ஆட்டத்தில் ட்யூஃபோர்ட் என்று ஒரு தீவு ஊர். அங்கே ஒரு பையன் நிற்பான். இப்போது எல்லார் வாயிலும் இருக்கிற வார்த்தை இதுதான் என்று ஒரு சொற்றொடரைச் சொல்லி, உனக்கு வேறு ஏதாவது தெரியுமா என்பான். நாம் பட்டியலிலிருந்து இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாம். அது அவனுக்குப் பிடித்துவிட்டால் ஊரே அதைச் சொல்லித் திரியும். சும்மா தமாஷுக்கு வைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த ஆறு கட்டங்கள் எவை என்பது இதோடு கட்டப்பட்டிருக்கிறது. சொற்றொடர் மாறினால் கட்டங்களும் மாறிவிடும்!

தம்பி அவன் நேரத்தில் போய் அந்தப் பையனுக்கு ஏதோ கோமாளித்தனமான இரண்டு வார்த்தையைக் கொடுத்திருக்கிறான். ஊரே அதைச் சொல்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டும் இருந்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மூன்று நாள் கழித்துப் பள்ளியில் ஒரு தோழிதான் இந்த ரகசியத்தைச் சொன்னாள். அன்று மாலை வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன். தம்பி இன்று ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவன் மானம் போகக்கூடாது.

தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி வரைந்தேன். இந்த முறை பழிக்குப் பரிகாரமாக அவனும் அவன் ஒரு மணி நேரத்தைத் தூண்டிலுக்கே கொடுத்தான். ஒன்பதாம் நாள், அருவிக்குக் கீழே இடது கரையோரம், அவன் கையில்தான் விழுந்தது. கத்தினான் பாருங்கள், பாட்டி பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டாள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அழகை ஏற்ற, பெர்ரிப் பழங்களை அரைத்துச் செய்யும் நீல போக்கிபிளாக் என்ற தீனியைக் கொடுக்க வேண்டும். ஒரு போக்கிமான் சாப்பிடுவதற்கு அளவு உண்டு. மட்டமான பிளாக்கைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் அப்புறம் எதையும் தொடாது, அழகும் அதற்கு மேல் ஏறாது. என் முதல் ஃபீபாஸ் அப்படித்தான் வீணாய்ப் போனது. நல்லவேளை, இடம் தெரிந்திருந்ததால் இன்னொன்றைப் பிடித்தோம். அதற்கு நல்ல பெர்ரியாக வளர்த்து, அரைத்து, பார்த்துப் பார்த்து ஊட்டினேன். மிலோடிக் ஆனது. பெயர் மீனு.

வீணாய்ப் போன முதல் ஃபீபாஸை விடுவிக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. அவன் பிடித்ததாம். அது இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, வயிறு நிறைய.

* * *

என்னோடது சின்னது. மெட்டாபாட். விரிடியன் காட்டில் மெட்டாபாடாகவே பிடித்தேன். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை ஹார்டன், அதாவது உடம்பை இறுக்கிக்கொள்வது. எதிரே இன்னொரு மெட்டாபாட் வந்தது, அதற்கும் அதே வித்தை. நான் இறுக்கினேன், அது இறுக்கியது. முப்பது தடவை. ஓடிப்போகலாம் என்று தோன்றவே இல்லை, அப்போது எனக்கு எட்டு வயது, மானப் பிரச்சினை.

* * *

மேலே அக்கா மீன் கதை சொன்னதால் நானும் ஒரு மீன் கதை சொல்கிறேன். நான் சிங்கப்பூர்.

2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி, போனோடு நிஜத் தெருவில் நடந்து போக்கிமான் பிடிக்கும் போக்கிமான் கோ ஆட்டம் இங்கே வந்தது. அந்த மாதம் ஹவ்காங்கில் 401ஆம் புளோக் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நடு ராத்திரியிலும் திருவிழாக் கூட்டம். நானும் இரண்டு நாள் போனேன். எல்லாரும் தலையைக் குனிந்தபடி, திடீரென்று ஒருவன் ஓடினால் எல்லாரும் ஓடுவோம். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது அரிய ரகம் எதுவும் இல்லை. மேஜிகார்ப். தண்ணீர்ப் பக்கம் போனால் குப்பை மாதிரிக் கிடைக்கும் துள்ளுகிற சிவப்பு மீன்.

அதைக் கியாரடாஸ் ஆக்க 400 மிட்டாய் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மூன்று, அதை ஆட்டத்தில் வரும் பேராசிரியருக்கு அனுப்பினால் ஒன்று. நீங்களே கணக்குப் போடுங்கள், ஏறக்குறைய நூறு மீன். அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நான் துணைக்குப் போகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். புங்கோல் கரையோரம் மாலை மாலை நடை. செப்டம்பரில் ஒரு போக்கிமானைத் துணையாக வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. மேஜிகார்ப்பைத் துணையாக வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மிட்டாய். அதற்கப்புறம் போனை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டேன். “டேய், மீனுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டுக் கேட்டு இன்னொரு சுற்றுப் போவார்கள். அரை மணி நேர நடை ஒரு மணி நேரம் ஆனது.

எங்கள் புளோக்கில் கீழே உட்கார்ந்திருக்கும் சீன அங்கிள் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, அருவியில் எதிர்த்து ஏறி நாகவாசலைத் தாண்டிய கெண்டை மீன் டிராகன் ஆகும் என்று அவர்கள் ஊர்க் கதையைச் சொன்னார். அட, இது அந்தக் கதைதானா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நவம்பரில் 400 சேர்ந்தது. நடைபாதையிலேயே நின்று, அம்மா விரலாலேயே பொத்தானை அமுக்கச் சொன்னேன். வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து, வாயைப் பிளந்தபடி நீலப் பாம்பு நின்றது. அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்கள்.

“இதுக்காடா இவ்வளவு நடந்தோம்? பழசே லட்சணமா இருந்துச்சு.”

மறுநாளிலிருந்து துணைக்கு இன்னொரு மேஜிகார்ப்.

* * *

கதை கேட்டவன் மறுபடியும் வந்திருக்கிறேன். அந்த மெட்டாபாட் சண்டையில் கடைசியில் யார் ஜெயித்தது என்று எழுதாமல் போனவர் திரும்பி வந்து சொல்லவும்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள்: அந்த சேவ் இருக்கிறதா? இருக்கிறது. பென்டிரைவ் செத்துவிட்டது, கோப்பை அதற்கு முன்பே காப்பாற்றிவிட்டேன். ஹாண்டர் இப்போது 68ஆம் லெவல். இப்போதெல்லாம் போனிலேயே இரண்டு எமுலேட்டரை இணைத்து டிரேட் செய்யலாம் என்று ஒரு நண்பர் எல்லாம் தயார் செய்துகொண்டு வந்துவிட்டார். அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் கெங்கராகத் திரும்பி வரும்.

எவர்ஸ்டோனைக் கையில் கொடுத்து அனுப்பினால் மாறாமல் ஹாண்டராகவே வரும் என்றும் அவரே சொன்னார். அப்படி அனுப்பித் திரும்ப வாங்குவதில் என்ன லாபம் என்று கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை. போன வாரம், அந்தக் கல்லைச் சில சமயம் கையில் வைத்திருக்கும் ஜியோடூட் போக்கிமானைத் தேடி ஆட்டத்தில் குகைக்குள் போயிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.